பன்னிரண்டாவது விண்ணப்பம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நான், இவள், பெண் மூவரும் சுகம். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு இருமல் நின்றதா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வை" என்று வைத்துவிடுகிறாய். உன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து இயந்திரச் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் காதில் விழுவதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

அக்கா, எனக்கு வேலை மாறிவிட்டது! சிமெண்ட் லாரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாயிற்று. இப்போது நான் சமுதாயக் கல்லூரியின் ஆய்வக வண்டி டிரைவர். சும்மா இல்லை, அடையாள அட்டையெல்லாம் கழுத்தில் தொங்குகிறது. வண்டி முன்பு ரொட்டி வேனாக இருந்தது. உள்ளே இருந்த தட்டுகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், பல்பும் ஒயரும் பொருத்திய ஒரு பலகை, இதயத்துடிப்பைக் கோடு கோடாகக் காட்டும் ஒரு கருவி எல்லாம் வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறினால் இன்னும் ரொட்டி வாசனை வருகிறது.

தொழிற்சாலை, கிடங்கு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு வாசலாகக் கொண்டுபோய் நிறுத்துவேன். அங்கே பாடம் நடத்துகிற மேடம் கூடவே வந்து, இறங்கிப் பேசுவார். பாதியில் படிப்பை விட்டவர்களும் அறிவியல் படிக்கலாம், தொழில்நுட்ப வேலைக்குப் போகலாம் என்று ஆளைத் திரட்டுகிற வேலை. ஜூனில் ஒரு புதுப் படிப்பு ஆரம்பிக்கப்போகிறார்கள். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கிற படிப்பு, இரண்டு வருடம். பன்னிரண்டு பேர் சேரவில்லை என்றால் வகுப்பே கிடையாது என்று பதிவறை குமாஸ்தா கறாராகச் சொல்லிவிட்டார். மேடம் மூன்று வருடம் நடையாய் நடந்து வாங்கிய வகுப்பு அது. பன்னிரண்டு என்ன, இருபதே கொண்டுவந்து தள்ளுகிறேன் பார்!

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

அக்கா. கட்டு பிரித்தாயிற்று, மணிக்கட்டு சுழல்கிறது. மாமா இரும மறந்துவிட்டார், இப்போது குறட்டை மட்டும்தான். நீங்கள் மூவரும் இப்படியே இருங்கள்.

உன் கடிதத்தை மடிப்பு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, போர்வை மடிக்கிற சாக்கில் படித்தேன். பக்கத்தில் நிற்பவள் "யாருக்கா லவ் லெட்டர்?" என்றாள். "லாரிக்காரன் எழுதியிருக்கான்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

எல்லாம் எழுதினாய் சரி. அந்த மைக்ரோஸ்கோப்பில் எதைப் பார்த்தாய்? இதயத்துடிப்புக் கருவியை உன் மேல் வைத்துப் பார்த்தாயா இல்லையா? அத்தனையும் முதுகுக்குப் பின்னால் இருக்க, ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தாய் என்றால் நீ என் கூடப் பிறந்தவனே இல்லை. அடுத்த கடிதத்தில் ஒன்று விடாமல் எழுது. அந்தப் பலகையில் இரண்டு பல்பை வரிசையாக மாட்டினால் ஏன் வெளிச்சம் மங்குகிறது என்பதையும் கேட்டு எழுது. இங்கே நடைபாதை விளக்கில் அதே சங்கடம்.

அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே போகிறேன், ஏனென்றால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

தொட்டேன் அக்கா, எல்லாவற்றையும் தொட்டேன். மேடம் டீ குடிக்கப் போனபோது என் சட்டை நூலைப் பிய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் என்று நினைத்தது நாற்பது ஐம்பது இழை. முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, கயிறேதான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேடம் திரும்பிவந்து பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தால், "பார்த்தீங்களா? இன்னும் கொஞ்சம் திருகுங்க, தெளிவாத் தெரியும்" என்கிறார். என் இதயம் நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. பல்பு விஷயம் கேட்டேன். ஒரே பாதையில் இரண்டும் நின்று மின்சாரத்தின் தள்ளுவிசையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, தனித்தனிப் பாதை கொடுத்தால் இரண்டும் முழுசாக எரியும் என்றார். உன் நடைபாதையில் விளக்கு மாட்டுகிறவரிடம் சொல்.

மேடத்தின் பேச்சை இதுவரை நாற்பது தடவை கேட்டிருப்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட மனப்பாடம். "நானும் ஆறு வருஷம் பாட்டில்ல லேபிள் ஒட்டினவதான்" என்று ஆரம்பித்தால் கூட்டம் நிமிரும். கணக்கில் இரண்டு தடவை தோற்றது, முப்பத்தொரு வயதில் இந்தக் கல்லூரி வாசலுக்கு வந்து, உள்ளே போகப் பயந்து மூன்று தடவை சுற்றிச் சுற்றி நடந்தது எல்லாம் சொல்வார். அத்தனையும் அவருடைய சொந்தக் கதை. ஆனால் கண்ணாடியும் கைப்பையுமாக நிற்கிற அவரைப் பார்த்து யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். இதுவரை மூன்றே மூன்று விண்ணப்பம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம், சளி மட்டும் எனக்கு.

நூல் விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு போர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வைக்காரர் "கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

இங்கே உலர்த்தும் இயந்திரத்தில் துணி ஈரமாகவே வந்துகொண்டிருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நாலு நாள் எடைபோட்டுக் குறித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு கிலோவைத் தாண்டினால்தான் ஈரம் தங்குகிறது. நாங்கள் நாற்பத்தைந்து திணிக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

உன் கல்லூரிப் படிப்புக்கு வயது வரம்பு உண்டா? நாற்பதைத் தாண்டியவர்களை உள்ளே விடுவார்களா? பத்தாவது முடிக்காதவர்களுக்கு என்ன செய்வார்கள்? எங்கள் மேற்பார்வைக்காரர் கேட்கச் சொன்னார்.

அக்கா

மார்ச் 27

என் அன்பு அக்காவுக்கு!

நலம் நலம் நலம்! உன் சளிக்கு வெந்நீர் குடி. முதலில் உன் மேற்பார்வைக்காரருக்குப் பதில்: வயது வரம்பே கிடையாது. பத்தாவது இல்லாதவர்களுக்கு ஐம்பது மார்க்குக்கு ஒரு கணக்குத் தேர்வு, மாதாமாதம் நடக்கும். இருபது எடுத்தால் போதும். டிசம்பருக்குள் தேறினால் சரி, அதுவரை வகுப்பில் உட்காரலாம். உங்கள் ஊர்க் கல்லூரியிலும் இதே முறைதானாம்.

இப்போது கேள். செவ்வாய்க்கிழமை சட்டை தைக்கிற தொழிற்சாலைக்குப் போனோம். சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பெண்கள். மேடத்துக்குத் தொண்டை சுத்தமாக அடைத்துவிட்டது, காற்றுதான் வருகிறது. திரும்பிப் போய்விடலாம் என்று கையைக் காட்டுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், நீங்க வண்டில மைக்ரோஸ்கோப்பைத் தயார் பண்ணுங்க. உங்க பேச்சை நான் பேசிடறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வண்டிக்குள் போய்விட்டார்.

ஒரு பெஞ்சில் ஏறி நின்றேன் அக்கா. வாயைத் திறந்தேன், அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. தட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. ஒருத்தி அழுதாள். முடித்தபோது கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டினார்கள்! வண்டிக்கு வரிசை நின்றது. அங்கே அவரவர் தைக்கிற பாகத்தை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். காலர், கஃப், பாக்கெட், பட்டன்துளை என்று. காலர் என்கிற பெண்தான் எல்லோருக்கும் தலைவி மாதிரி. அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும் மளமளவென்று பத்துப் பேர் போட்டார்கள். பதினொன்று அக்கா! ஏற்கெனவே மூன்று. மொத்தம் பதினான்கு! மேடம் பேச முடியாமல் என் தோளில் நாலு அடி அடித்தார். குமாஸ்தாவின் மேசையில் விண்ணப்பக் கட்டை வைத்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

கால் தரையில் பாவவில்லை. எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

சளி போய்விட்டது. அங்கே எல்லோரும் நலமா?

படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. சத்தம் போட்டு மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் "உன் தம்பியா? கல்யாணத்துல நன்றி சொல்லவே திணறினானே" என்றார்.

ஆனால் ஒரு சந்தேகம். கைதட்டலைப் பற்றி எழுதினாய், கரண்டியைப் பற்றி எழுதினாய், குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடியைக்கூட விடவில்லை. பெஞ்சில் ஏறி நின்று என்னடா பேசினாய்? அது ஒரு வரிகூட இல்லையே. உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அடிவாங்கப்போகிற விஷயத்தை மட்டும் தாண்டிக் குதித்துப் போவாய்.

உடனே எழுது.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எல்லோரும் நலம்தான், காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. எழுத உட்கார்வேன், உன் கேள்வி முன்னால் வந்து நிற்கும், எழுந்துவிடுவேன்.

சொல்லிவிடுகிறேன். மேடத்தின் பேச்சை நான் அப்படியே பேசினேன். அப்படியே என்றால் அப்படியே. "நானும் ஆறு வருஷம் பாட்டில்ல லேபிள் ஒட்டினவன்தான்" என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. மனப்பாடம் செய்தவனுக்கு நடுவில் மாற்றத் தெரியுமா? முப்பத்தொரு வயதில் இந்தக் கல்லூரி வாசலைச் சுற்றி நடந்தேன் என்றேன். இங்கேதான் படித்துத் தேறினேன் என்றேன். அதில் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. பாதியில் எனக்கே உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் அக்கா. அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

வகுப்பு ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. தொழிற்சாலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பதினான்கு பேரும் என்ன ஆர்வம் தெரியுமா! முதல் வாரத்திலேயே இரத்த அழுத்தக் கருவியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டார்கள். தைக்கிற விரல்கள், குட்டித் திருகாணியெல்லாம் அவர்களுக்கு ஜுஜுபி. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் வழியெல்லாம் கேள்வி. "அண்ணே, பின்னம் உங்களுக்கு எப்படிண்ணே பிடிபட்டுச்சு?" "அண்ணே, இவ்வளவு படிச்சிட்டு ஏன்ணே வண்டி ஓட்டறீங்க?" எனக்கு ஓட்டப் பிடிக்கும் என்று சமாளித்தேன். பாக்கெட் அதற்கும் மேலே, லேபிளைச் சுருங்காமல் ஒட்டுவது எப்படி என்று கேட்கிறாள். நான் லேபிளைக் கண்டேனா?

மேடத்துக்கு இது தெரியாது. அவர் கதையை அவர் கதையாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் அவர் "நான் அந்தக் காலத்துல…" என்று எடுத்தாலே நான் வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஜூலை கடைசியில் குமாஸ்தா தலையெண்ணப்போகிறார். பன்னிரண்டுக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் இரண்டு வருடமும் நான் இப்படியே நெளிய வேண்டும்.

என்ன செய்யட்டும்? திட்டாமல் எழுது.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

நான் நலம். எல்லோரும் நலம்.

திட்டாமல் எழுத முடியாது. உனக்கு வெட்கமாக இல்லையா? ஒருத்தி படிக்க வேண்டும் என்று வீட்டில் வாயைத் திறப்பது எத்தனை பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியுமா? எத்தனை நாள் வாய்வரை வந்து விழுங்கியிருப்பாள் என்று தெரியுமா? அவளைப் போய் ஒரு கட்டுக்கதையை நம்பவைத்திருக்கிறாய்.

இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். ஒன்பதாவதோடு என்னை நிறுத்தினார்கள். கணக்கில் அந்த வருடம் நான் நூறு. நீ தொடர்ந்து போனாய். நீ இரண்டு தடவை கோட்டைவிட்டாயே, அந்தப் பரீட்சை எனக்குக் கிடைக்கவே இல்லை. உன்னை நான் குறைசொன்னதில்லை. சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும். ஆனால் அந்தத் தோல்வியை ஒரு பெஞ்சின் மேல் ஏறி வெற்றியாக்கிக் கைதட்டு வாங்கினாய் என்று படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுதேன்.

போய்ச் சொல். குமாஸ்தா எண்ணுவதற்கு முன்னால் சொல். போகிறவர்கள் போகட்டும், அவர்களுக்குப் போக உரிமை உண்டு. சொல்லிவிட்டு எழுது. அதற்கு முன் எழுதாதே.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, ஆனாலும் லேசாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் ஒன்பதாவது வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாயே. உன்னை நிறுத்திய அன்று உன் ஜியாமெட்ரி பெட்டி எனக்குக் கிடைத்தது என்று குதித்தேன். அது மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது. மன்னித்துக்கொள்.

சொல்லிவிட்டேன். முதலில் மேடத்திடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "என் கதையை நான் சொன்னா நம்ப ஆளில்ல, நீங்க சொன்னா நம்பறாங்க" என்றார். சிரித்தாரா கோபப்பட்டாரா தெரியவில்லை. "வாங்க, கூட நிக்கறேன். பேச வேண்டியது நீங்கதான்."

வகுப்பில் நின்று சொன்னேன். நான் பத்தாவது தேறாதவன். இந்தக் கல்லூரியில் நான் நுழைந்தது ஜனவரியில், டிரைவராக. நான் சொன்னது மேடத்தின் வாழ்க்கை. அவ்வளவுதான் சொன்னேன். மனப்பாடம் செய்யாததால் திக்கித் திக்கி வந்தது.

காலர் எழுந்தாள். "எங்க வீட்டுல உங்களைக் காட்டித்தான்ணே நான் கேட்டேன். ஒரு வண்டி ஓட்டற மனுஷனே படிச்சிருக்காரு, என்னால முடியாதான்னு கேட்டேன். அந்த ஒரு பேச்சுலதான் எல்லாரும் வாயை மூடினாங்க. இப்ப நான் போய் என்ன சொல்ல? நானும் பொய்க்காரி ஆயிட்டேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னால் மூன்று பேர். அவள்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்துப் பேர் மிச்சம். கஃப் மட்டும், "நான் உங்களுக்காக வரலண்ணே, அந்த மெஷினுக்காக வந்தேன்" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டாள்.

மறுநாள் பதிவறைக்குப் போய் என் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினேன் அக்கா. மதியம் வண்டியை நிறுத்திவிட்டு நானும் உட்காரலாமாம். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஆக, பதினொன்று. ஒரு ஆள் குறைகிறது. காலர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "நீங்க முதல்ல அந்தக் கணக்குத் தேர்வை எழுதிட்டு வந்து மூஞ்சியக் காட்டுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். தேர்வு இருபத்தாறாம் தேதி. இருபது மார்க் வேண்டும். பயத்தில் சோறு இறங்கவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. மாமாவிடம் போனில் பேசினேன். "நல்லா இருக்கா, ஆனா எப்பப் பாரு எதையோ எழுதிக்கிட்டே இருக்கா" என்றார். எனக்குத்தான் எழுதுகிறாய் என்று தபால்காரரை மறித்து மறித்துக் கேட்டேன். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதாமல் இருக்க முடியாது. கேள்!

தேர்வில் பத்தொன்பது. ஐம்பதுக்குப் பத்தொன்பது. ஒரே ஒரு மார்க்கில் மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டேன். கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போட்டிருப்பேன், பழைய ஆளாக இருந்தால். தாளை எடுத்துக்கொண்டு நேரே காலர் வீட்டுக்குப் போனேன். அவள் மாமியார் கதவைத் திறந்தார். அவர் கையிலேயே கொடுத்து, "அம்மா, உங்க மருமக சொன்ன படிச்ச டிரைவர் நான்தான். என் லட்சணம் இதுதான். பொய் சொன்னது நான், அவங்க இல்ல" என்றேன்.

அந்த அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலர் வந்து வாங்கினாள். முகம் இறுகித்தான் இருந்தது. படித்துக்கொண்டே வந்தவள் ஏழாவது கணக்கில் நின்றாள். "இதை எப்படிண்ணே தப்பாப் போட்டீங்க? ஒன்றரையில முக்கால் எத்தனை தடவை போகும்? ரெண்டு. ஒன்றரை மீட்டர் துணியில முக்கால் மீட்டர் வெட்டினா எத்தனை துண்டு? இதுக்கு நாலுன்னு எழுதியிருக்கீங்க!" என்றாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, காய்கறிப் பையைக் கிழித்து அதில் போட்டுக் காட்டினாள். அடுத்தது எட்டாவது கணக்கு. அதற்கடுத்து ஒன்பது. மாமியாரும் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரிந்தது அக்கா! முப்பத்தெட்டு வயதில் பின்னம் புரிந்தது!

பத்தாவது கணக்கு அவளுக்கே வரவில்லை. பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை மேடம்தான் சொல்லணும்" என்றாள். மாமியார்தான், "அப்ப போய்க் கேளேன். இங்க உட்கார்ந்தா யாரு சொல்லுவா?" என்றார். காலர் என்னிடம், "பொய்யை அவ்வளவு அழகா சொன்னீங்க. நிஜத்துல பத்தொன்பதுதான் வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஃபெயிலான தாளைத் தூக்கிக்கிட்டு வீடு தேடி வந்த ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன். நாளைக்கு வண்டியைக் கொண்டாங்க" என்றாள்.

முப்பதாம் தேதி அவள் புது விண்ணப்பம் கொடுத்தாள். பன்னிரண்டு! அவள் பின்னால் போன மூன்று பேரும் அவள் பின்னாலேயே திரும்பி வந்தார்கள். நேற்று குமாஸ்தா வந்து எண்ணினார். பதினைந்து தலை. நாற்காலி போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவரே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், கண்ணைத் துடைக்கத்தான். அப்புறம் தன் லேபிள் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆகஸ்டில் மறுபடி எழுதப்போகிறேன். ஒரு வரியாவது போடு அக்கா.

தம்பி

செப்டம்பர் 21

அன்புத் தம்பிக்கு,

மணிக்கட்டு மறுபடி கொஞ்சம் வலிக்கிறது. எழுதி எழுதித்தான். மற்றபடி இந்த வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எப்படி? ஆகஸ்டில் எத்தனை வாங்கினாய்? இருபதைத் தாண்டியிருந்தால் முதலில் அதைத்தான் எழுதியிருப்பாய் என்று மாமா சொல்கிறார். நான் அவரை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வயது வரம்பு கேட்டது மேற்பார்வைக்காரர் இல்லை. அவருக்கு ஒன்றுமே தெரியாது. நான்தான் கேட்டேன். பொய் உனக்கு மட்டும்தான் வருமா?

அந்த அறுபது பெண்களைப் பற்றி நீ எழுதிய மறுவாரம், பஸ் பிடித்துப் போய் எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு விண்ணப்பம் வாங்கிவந்தேன். ஆஸ்பத்திரி ஆய்வக நுட்பர் படிப்பு. பூர்த்திசெய்து வைத்திருந்தேன், கையெழுத்து மட்டும் பாக்கி. உன் பேச்சில் என்ன இருந்தது என்று அதனால்தான் குடைந்தேன். நான் உன் பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கவில்லையே தவிர, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஜூனில் உன் கடிதம் வந்ததும், நமக்கு எதற்கு இந்த வேலை, என் தம்பியின் வாயை நம்பியா கிளம்பினேன் என்று விண்ணப்பத்தை இரண்டாக மடித்து அலமாரியில் போட்டேன். அந்தக் கோபம்தான் உனக்கு வந்து சேர்ந்தது. ஆனால் மாமா சொன்னது சரி. பாழாய்ப்போன ஆசை விடவில்லை, ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

அப்புறம் உன் பத்தொன்பது வந்தது. மடிப்பு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தேன்டா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்தொன்பது வாங்கினவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், நூறு வாங்கினவள் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் காரியம். அவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் எழுதிக்கிட்டு இருந்தியா?" என்றார். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், இங்கே வகுப்பு செப்டம்பரில்தான் ஆரம்பம். தேர்வு எழுதினேன். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு! விடை எல்லாம் சரி. ஓர் இடத்தில் வழியைக் காட்டவில்லை என்று இரண்டு மார்க்கைப் பிடித்துக்கொண்டார்கள். போய்ச் சண்டை போட்டேன். தரவில்லை. வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குப் பத்தொன்பது வயது, என்னை "ஆன்ட்டி" என்கிறாள், என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். வாரம் இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி, எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி ஆய்வகத்தில். பதினாறு வருடமாகக் கீழ்த்தளத்தில் இருக்கிறேன், அந்த மாடியில் கால் வைத்ததில்லை. முதல் நாள் லிஃப்டில் ஏறியபோது மேற்பார்வைக்காரர் "துணி எடுக்கவா?" என்றார். "இல்ல சார், படிக்க" என்றேன்.

அந்த ஜியாமெட்ரி பெட்டிக்கெல்லாம் வருத்தப்படாதே. காலரை நான் கேட்டதாகச் சொல். மேடத்துக்கு என் வணக்கம். உனக்குப் பின்னத்தில் இன்னும் தடுமாற்றம் இருந்தால் எழுதி அனுப்பு, போட்டு அனுப்புகிறேன். உடனே பதில் வரவில்லை என்று முறைத்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை.

அக்கா